மரம் குடிக்கும் அளவே பூச்சு: வெளிப்புற மரத்துக்கு எண்ணெய் ஸ்டெய்ன்

வெயிலிலும் மழையிலும் நிற்கும் மரத்துக்குப் பெயின்டோ வார்னிஷோ பூசினால் அது மரத்தின் மேல் ஒரு படலமாக உறைந்து நிற்கிறது. எண்ணெய் ஸ்டெய்ன் அப்படிப்பட்டதன்று. அது மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி, இழைகளைச் சுற்றிப் படிந்து, அங்கேயே இறுகுகிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டால், எந்த ஸ்டெய்னை வாங்குவது, மரத்தை எப்படித் தயார் செய்வது, எத்தனை முறை பூசுவது, எப்போது நிறுத்துவது என்ற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும். மரம் எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவுதான் பூச்சு. அதற்கு மேல் இடப்படுவது மேற்பரப்பில் தங்கிப் பிசுபிசுக்கும். பிறகு திட்டுத்திட்டாக உரியும்.

மரம் எதனால் கெடுகிறது

மரத்தின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு லிக்னின் என்னும் பொருள். மரத்தின் நார்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்து வைத்திருப்பது அதுவே. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் இந்த லிக்னினைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழைநீர் கழுவிக்கொண்டு போகிறது. எஞ்சி நிற்கும் தளர்ந்த நார்களைத்தான் நாம் சாம்பல் நிறமாகக் காண்கிறோம். இந்தச் சாம்பல் அடுக்கு மிகவும் மெல்லியது. பூச்சே இல்லாத மென்மர வகைகள் வெளியில் நின்றால் நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ 6 மி.மீ. அளவுக்கே தேய்கின்றன என்பதால், சாம்பல் நிறத்தைக் கண்டவுடன் மரம் போய்விட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தளர்ந்த நார்களின் மேல் பூசப்படும் எந்தப் பூச்சும் அவற்றோடு சேர்ந்தே உதிர்ந்துவிடும் என்பதால், பூசுவதற்கு முன் அந்த அடுக்கை நீக்கியே ஆக வேண்டும்.

இரண்டாவது பகை நீர். மரம் நீரை உறிஞ்சும்போது உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது. மேற்பரப்பு விரைவாகவும் உட்பகுதி மெதுவாகவும் காய்வதால் இரண்டுக்கும் இடையே இழுபறி ஏற்பட்டு விரிசல் விடுகிறது. பலகையின் ஒரு முகம் மட்டும் நனைந்து காய்ந்தால் பலகை கோணிக்கொள்கிறது. மூன்றாவது பகை பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைகளால் வளர முடியாது. அதற்கு மேல் நீண்ட நாள் நீடித்தால் அவை வேலையைத் தொடங்கிவிடும்.

ஸ்டெய்ன் இந்த மூன்றையும் ஒரு சேரத் தடுப்பதாகச் சொல்லப்பட்டாலும், அதற்குள் இருக்கும் வெவ்வேறு பொருள்கள்தாம் அந்த வேலைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. எண்ணெயும் பிசினும் நீரை விலக்குகின்றன. நிறமித் துகள்கள் புற ஊதாக் கதிர்களை மறைக்கின்றன. பூஞ்சைக்கொல்லி மேற்பரப்பில் கறுப்புப் படிவதைத் தடுக்கிறது. இவற்றுள் எது குறைந்தாலும் பூச்சு அந்தப் பக்கத்தில் பலவீனமாக இருக்கும். ஏற்கெனவே மக்கத் தொடங்கிவிட்ட மரத்தை எந்த ஸ்டெய்னாலும் மீட்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். திருப்புளியின் நுனியை வைத்து அழுத்தும்போது மெத்தென்று உள்ளே இறங்கும் பகுதியை வெட்டி நீக்கிப் புது மரம் பொருத்திய பிறகே பூச்சைப் பற்றி எண்ண வேண்டும். மண்ணில் நேரடியாக ஊன்றப்பட்ட கால்கள், நீர் தேங்கி நிற்கும் பொருத்துகள் ஆகியவற்றின் குறையையும் பூச்சால் ஈடுசெய்ய இயலாது.

எந்த ஸ்டெய்னைத் தேர்ந்தெடுப்பது

கடைகளில் ஒரே நிறுவனத்தின் ஸ்டெய்னே நான்கைந்து வகைகளாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கிடையே உள்ள முதன்மையான வேறுபாடு நிறமியின் அளவு. நிறமியே இல்லாத தெளிந்த வகை, அரைத் தெளிவு வகை, நிறமி மிகுந்த அரை மறைப்பு வகை, மரத்தின் இழையோட்டத்தை முழுதும் மறைத்துவிடும் முழு மறைப்பு வகை என்று அவற்றை வரிசைப்படுத்தலாம். நிறமி கூடக் கூட வெயிலிலிருந்து கிடைக்கும் காப்பும் கூடுகிறது. மரத்தின் இயற்கை அழகு தெரிவது குறைகிறது.

மரத்தின் இயல்பான நிறம் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புபவர்கள் தெளிந்த வகையை நாடுவது இயல்பே. ஆனால் நீரை விலக்கும் அந்த எண்ணெயால் வெயிலைத் தடுக்க முடியாது. முழு வெயில் படும் இடத்தில் ஓராண்டு முடிவதற்குள்ளேயே மரம் சாம்பல் நிறம் பெறத் தொடங்கும். தாழ்வாரத்தின் நிழலில் இருக்கும் தூண்களுக்கும் கூரைச் சட்டங்களுக்கும் அது போதும். முழு மறைப்பு வகை நெடுநாள் உழைக்கும் என்றாலும், அது பெயின்டைப் போலவே படலமாக நிற்பதால் நிலைகுத்தான சுவர்ப் பலகைகளுக்கும் வேலிகளுக்கும் மட்டுமே ஏற்றது. காலடி படும் மரத்தளத்திலும் படிக்கட்டிலும் பூசினால், நடமாட்டமும் தேங்கும் நீரும் சேர்ந்து அதை உரித்துவிடும். ஒரு முறை முழு மறைப்புக்குப் போய்விட்டால், அதை முற்றிலும் சுரண்டி எடுக்காமல் மீண்டும் தெளிந்த வகைக்குத் திரும்ப வழியில்லை.

எனவே பெரும்பாலான வெளிப்புற மரவேலைகளுக்கு அரைத் தெளிவு வகையே சரியானது என்பது என் உறுதியான கருத்து. இழையோட்டம் தெரியும், வெயிலைத் தாங்கும் அளவுக்கு நிறமி இருக்கும், தேயும்போது உரியாமல் மெல்ல மங்கும். மங்கிய பூச்சின் மேல் கழுவிவிட்டு மீண்டும் பூசலாம். உரியும் பூச்சையோ சுரண்டி எடுத்தே தீர வேண்டும். பல ஆண்டுகள் ஒரு மரத்தைப் பராமரிக்க எண்ணுபவருக்கு இந்த வேறுபாடே எல்லாவற்றையும்விடப் பெரியது.

அடுத்துப் பார்க்க வேண்டியது எண்ணெயின் தன்மை. ஆளிவிதை எண்ணெய், டங் என்னும் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்களையோ, அவற்றிலிருந்து உருவாக்கப்படும் ஆல்கிட் பிசினையோ அடிப்படையாகக் கொண்டே பெரும்பாலான எண்ணெய் ஸ்டெய்ன்கள் தயாரிக்கப்படுகின்றன. இவை நீர் காய்வதைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. முதலில் கரைப்பான் ஆவியாகிறது. பிறகு எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல மெல்லக் கெட்டியாகிறது. வெறும் ஆளிவிதை எண்ணெயை வாங்கிப் பூசினால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. உட்புறத் தளவாடங்களுக்கு அது அழகான பூச்சு. வெளியிலோ அது பூஞ்சைக்கு உணவாகிவிடுகிறது. சில மாதங்களில் மரத்தின் மேல் கறுப்புப் புள்ளிகள் படர்வதற்கு அதுவே காரணம். ஆகையால் பூஞ்சைக்கொல்லியும் நிறமியும் சேர்க்கப்பட்ட, வெளிப்புற மரத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட பூச்சை வாங்க வேண்டும். டப்பாவின் மேல் இது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்க்கத் தயங்கக் கூடாது.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கடையிலுள்ள வண்ண அட்டையை நம்பிவிடக் கூடாது. ஒரே ஸ்டெய்ன் வெளிறிய பைன் மரத்தில் ஒரு நிறமாகவும், செம்மை படர்ந்த மரத்தில் வேறொரு நிறமாகவும் தெரியும். பூச வேண்டிய அதே மரத்தின் துண்டு ஒன்றிலோ, கண்ணுக்குப் படாத ஒரு மூலையிலோ சிறிதளவு பூசி, முழுதும் காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வெறுங்காலுடன் நடக்கும் மரத்தளத்துக்கு மிக அடர்ந்த நிறம் வேண்டாம்; அது வெயிலில் கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும்.

மரத்தின் வகையும் ஒரு கணக்கு. வைரம் பாய்ந்த, அடர்த்தி மிகுந்த மரங்கள் மிகக் குறைவாகவே குடிக்கும். தேக்கு போன்றவற்றில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை வேறு இருக்கும். அவற்றுக்கு மெல்லிய ஒரே பூச்சு இட்டு நன்றாகத் துடைத்துவிடுவதே முறை. மென்மரங்களும், ரம்பத்தால் அறுத்து இழைக்காமல் விடப்பட்ட சொரசொரப்பான பலகைகளும் தாராளமாகக் குடிக்கும். சொரசொரப்பான பலகையில் பூச்சு அதிக நாள் நிலைப்பதற்கும் அதுவே காரணம். ஒரு மரத்தின் வைரப்பகுதி எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள வெள்ளைப்பகுதிக்கு மக்குவதை எதிர்க்கும் ஆற்றல் இல்லை என்பதால், வெள்ளை கலந்த பலகைகளைக் கூடுதல் கவனத்தோடு பூச வேண்டும்.

மரத்தைத் தயார் செய்தல்

பூச்சு நிலைப்பதும் நிலைக்காததும் பிரஷை எடுப்பதற்கு முன்பே பெருமளவுக்கு முடிவாகிவிடுகிறது. எண்ணெய் மரத்துக்குள் இறங்க வேண்டுமானால் வழி திறந்திருக்க வேண்டும். பழைய பெயின்டோ வார்னிஷோ அழுக்கோ ஈரமோ அந்த வழியை அடைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

பழைய பூச்சு படலமாக இருந்தால் அதைப் பூச்சு நீக்கி கொண்டோ சுரண்டியோ முழுவதும் எடுத்தாக வேண்டும். பழைய கட்டடங்களில் ஓர் எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டுகளில் ஈயம் சேர்ப்பது 1978-இல்தான் தடை செய்யப்பட்டது. பல நாடுகளில் அதற்குப் பிறகும் அது பயன்பாட்டில் இருந்தது. எனவே பழைய பெயின்டைச் சோதித்துப் பார்க்காமல் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. மக்காமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க மருந்து ஊட்டப்பட்ட பழைய மரத்தில் ஆர்சனிக் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதைத் தேய்க்கும்போதும் தூசியை வடிகட்டும் முகக்கவசம் கட்டாயம் தேவை. அதன் துண்டுகளை எரிக்கவே கூடாது.

மரத்தில் தெரியும் கறுப்பு அழுக்கா பூஞ்சையா என்று ஐயம் வந்தால், வீட்டில் வெளுக்கப் பயன்படுத்தும் குளோரின் பிளீச்சில் ஒரு துளியை அதன் மேல் இட்டுப் பார்க்கலாம். ஓரிரு நிமிடங்களில் கறுப்பு வெளிறினால் அது பூஞ்சை. அப்படியே இருந்தால் அழுக்கு. இது சோதனைக்கு மட்டுமே. முழு மரத்தையும் குளோரின் பிளீச்சால் கழுவினால் நார்கள் கெடும். கழுவுவதற்குச் சோடியம் பெர்கார்பனேட் அடங்கிய ஆக்சிஜன் பிளீச்சே நல்லது. தூளை வெந்நீரில் கரைத்து, மரத்தில் தடவி, கால் மணி நேரம் காயாமல் ஈரமாகவே வைத்திருந்து, விறைப்பான நார் பிரஷால் இழையோட்டத்தின் போக்கில் தேய்த்துக் கழுவினால், சாம்பல் அடுக்கும் பூஞ்சையும் பெரும்பாலும் நீங்கிவிடும். இரும்பு ஆணியைச் சுற்றிப் படரும் நீலக்கறுப்புக் கறை இதில் போகாது. அது மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் கறை. ஆக்சாலிக் அமிலக் கரைசலே அதைப் போக்கும். அந்த அமிலம் நச்சுத்தன்மை உடையது என்பதால் கையுறையும் கண்ணாடியும் அணிந்து தடவி, பிறகு நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். குளோரின் பிளீச்சோடு அமிலத்தையோ அம்மோனியாவையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்தான வாயு வெளிப்படும். இரும்புக் கம்பி நாரால் வெளிப்புற மரத்தைத் தேய்ப்பதும் தவறு. உடைந்து ஒட்டிக்கொள்ளும் நுண்ணிய இரும்புத் துணுக்குகள் முதல் மழையிலேயே துருப்பிடித்துக் கறுப்புப் புள்ளிகளாகிவிடும்.

உயர் அழுத்த நீர்ப்பாய்ச்சி கையில் இருந்தால் அதைப் பயன்படுத்தும் ஆசை எழும். வேலையை அது விரைவுபடுத்தும். கவனமின்றிப் பிடித்தால் மென்மரத்தில் உழவு சால் போலக் கோடு கிழித்துவிடும். விசிறி போல விரியும் முனையைப் பொருத்தி, அழுத்தத்தைக் குறைத்து, மரத்திலிருந்து ஓர் அடியாவது தள்ளிப் பிடித்து, இழையோட்டத்தின் போக்கில் சீராக நகர்த்த வேண்டும்.

கழுவிய பிறகு நார்கள் சற்று எழும்பி நிற்கும். மரம் காய்ந்ததும் தரைப்பலகைகளை 60 முதல் 80 எண் உப்புத்தாளாலும், கை படும் கைப்பிடிகளை 80 முதல் 100 எண் உப்புத்தாளாலும் லேசாகத் தேய்த்தால் போதும். உட்புறத் தளவாடத்தைப் போல 180, 220 என்று மெருகேற்றுவது இங்கே தீங்கு. வழவழப்பாக்கும்போது நுண்துளைகள் அடைபடுகின்றன. மரம் குடிப்பது குறைகிறது. ஆலையில் இழைத்து வந்த புதுப் பலகையின் பளபளப்பையும் இதே காரணத்துக்காகத் தேய்த்து நீக்க வேண்டும். தேய்த்த தூசியைப் பெருக்கியும் உறிஞ்சியும் முழுவதும் அகற்ற வேண்டும்.

ஈரத்தைப் பொறுத்தவரை பொறுமை தேவை. ஈரமானியின் ஊசிகளைப் பலகையில் குத்திப் பார்த்தால், அது 15 விழுக்காட்டுக்குக் கீழே காட்ட வேண்டும். கழுவிய மரம் குறைந்தது இரண்டு நல்ல வெயில் நாள்கள் காய வேண்டும். கனமான சட்டங்களுக்கு அதைவிடக் கூடுதலாகவும் ஆகும். மருந்து ஊட்டிய புது மரம் ஆலையிலிருந்து நீர் சொட்டும் நிலையில் வருவதால் காய்வதற்குப் பல வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் பிடிக்கும். ஈரமானி இல்லாதவர்கள் மரத்தின் மேல் சில நீர்த்துளிகளைத் தெளித்துப் பார்க்கலாம். ஓரிரு நிமிடங்களில் உறிஞ்சப்பட்டால் மரம் குடிக்கத் தயாராக இருக்கிறது. துளிகள் முத்து முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் இருக்கிறது, அல்லது மரம் ஈரமாக இருக்கிறது. இந்தச் சோதனையை ஓரிடத்தில் மட்டும் செய்யாமல் வெயில் படும் பலகையிலும் நிழல் விழும் பலகையிலும் செய்து பார்க்க வேண்டும்.

பூசும் நாளும் பூசும் முறையும்

பெரும்பாலான ஸ்டெய்ன்களுக்கு 10 முதல் 32 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலை பொருந்தும். டப்பாவில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். காற்றின் வெப்பத்தைவிட மரத்தின் வெப்பமே முக்கியமானது. உச்சி வெயிலில் சுடும் பலகையில் பூசினால் கரைப்பான் உடனே ஆவியாகி, எண்ணெய் உள்ளே இறங்குவதற்கு முன்பே மேலேயே கெட்டியாகிவிடும். காலையில் பனி உலர்ந்த பின் தொடங்கி, நிழல் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமாக வேலையைக் கொண்டுபோவது நல்லது. முதல் நாள் மழை இல்லாமலும், பூசிய பிறகு குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் மழை வராமலும் இருக்கும் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எவ்வளவு வாங்குவது என்பதற்குப் பொதுவான கணக்கு உண்டு. 1 லிட்டர் ஸ்டெய்ன் மரத்தின் சொரசொரப்பைப் பொறுத்து 4 முதல் 10 சதுர மீட்டர் வரை வரும். சட்டங்களுக்கு நான்கு முகங்களையும், பலகைகளுக்கு விளிம்புகளையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவதாலேயே பலருக்குப் பாதி வேலையில் பற்றாக்குறை ஏற்படுகிறது. ஒரே நிறத்திலுள்ள வெவ்வேறு டப்பாக்களுக்கிடையே சிறு வேறுபாடு இருக்கக்கூடும் என்பதால், தேவையான எல்லா டப்பாக்களையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றி ஒன்றாகக் கலந்துகொள்ள வேண்டும். நிறமி அடியில் படிந்துவிடும் இயல்புடையது. தட்டையான கோலால் அடிவரை துழாவிக் கலக்கி, வேலை நடக்கும்போதும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கிளறிவிட வேண்டும். இல்லையேல் முதல் பலகை வெளிறியும் கடைசிப் பலகை கறுத்தும் தெரியும்.

அருகிலுள்ள செடிகளையும் சுவரையும் துணியால் மூடிவிட்டு, கையுறை அணிந்து தொடங்க வேண்டும். கரைப்பான் ஆவி தலைசுற்றலை உண்டாக்கும் என்பதால் காற்றோட்டம் தேவை. மூடிய தாழ்வாரம் என்றால் கரிம ஆவிகளை வடிகட்டும் முகக்கவசம் அணிய வேண்டும். தீப்பொறியும் புகைபிடித்தலும் அருகில் இருக்கவே கூடாது.

எண்ணெய்ப் பூச்சுக்கு இயற்கை மயிர் வைத்த அகலமான பிரஷே சிறந்த கருவி. ரோலரும் தெளிப்பானும் விரைவாகப் பரப்பும். ஆனால் எண்ணெயை நுண்துளைக்குள் அழுத்தித் தேய்க்கும் வேலையைப் பிரஷ்தான் செய்யும். ரோலரால் பரப்பினாலும் உடனேயே பின்னால் பிரஷைக் கொண்டு இழையோட்டத்தின் போக்கில் தேய்த்துவிட வேண்டும். நிலைகுத்தான பரப்பில் மேலிருந்து கீழாக வர வேண்டும். வழிந்த சொட்டுகளை அப்போதைக்கப்போது இழுத்துவிட வேண்டும்.

ஒரு பலகையைத் தொடங்கினால் அதன் மறுமுனைவரை முடித்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். பாதியில் நிறுத்தி, அந்த விளிம்பு காய்ந்த பிறகு அதன் மேல் மீண்டும் பூசினால், இரண்டு பூச்சும் சேர்ந்த இடத்தில் கறுத்த பட்டை ஒன்று நிலையாக நின்றுவிடும். ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு பலகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு முழு நீளத்துக்கும் பூசி, பிறகு அடுத்த இரண்டுக்குப் போவதே இதைத் தவிர்க்கும் வழி. நீண்ட சுவர்களில் சன்னல், மூலை, தூண் போன்ற இயற்கையான எல்லைகளில் நிறுத்தலாம்.

பலகையின் வெட்டுமுகத்தை மட்டும் தனியே கவனிக்க வேண்டும். மரத்தின் குழல்கள் அங்கே வாய் திறந்து நிற்பதால் மற்ற முகங்களைவிடப் பல மடங்கு விரைவாக அது நீரைக் குடிக்கிறது; வெளிப்புற மரம் முதலில் மக்கத் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். வெட்டுமுகம் போதும் என்று மறுக்கும்வரை இரண்டு மூன்று முறை தொடர்ந்து பூச வேண்டும். பொருத்துவதற்கு முன் பூச முடிந்தால் பலகையின் பின்முகத்தையும் விளிம்புகளையும் ஆணித்துளைகளையும் சேர்த்துப் பூசிவிடுவது மிகவும் நல்லது. பிறகு அங்கே பிரஷ் எட்டாது.

இனி இந்த வேலையிலேயே அதிகம் புறக்கணிக்கப்படும் படிக்கு வருவோம். பூசிய 15 அல்லது 20 நிமிடங்களுக்குப் பிறகு மரத்தைச் சாய்வாகப் பார்த்தால், சில இடங்கள் மங்கலாகவும் சில இடங்கள் ஈரமாக மினுங்கியும் தெரியும். மங்கல் தெரிந்த இடம் குடித்துவிட்டது. மினுங்கும் இடம் குடிக்க முடியாமல் மேலேயே வைத்திருக்கிறது. அந்த மினுக்கத்தைத் துணியால் அழுத்தித் துடைத்து எடுத்துவிட வேண்டும். நான் ஒரு முறை நீண்ட மர இருக்கை ஒன்றுக்கு, நிறம் இன்னும் ஆழமாக வர வேண்டும் என்று எண்ணி, முதல் பூச்சு காய்ந்த மறுநாள் இரண்டாவது பூச்சைத் தாராளமாக இட்டுத் துடைக்காமல் விட்டேன். மூன்று வாரங்கள் கழித்தும் அதில் அமர்ந்தால் துணி ஒட்டிக்கொண்டது. கணுக்களைச் சுற்றித் தோல் போலப் படலம் சுருங்கி நின்றது. கனிமத் தின்னரில் நனைத்த துணியால் இரண்டு நாள்கள் தேய்த்து அந்தப் படலத்தை எடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது பூச்சு தேவையா என்பதை டப்பாவின் குறிப்பும் மரமும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். குடிக்கும் தன்மையுள்ள மரத்துக்கு இரண்டு பூச்சு இடலாம் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால், பல எண்ணெய் ஸ்டெய்ன்களில் அதை முதல் பூச்சு முழுதும் காய்வதற்கு முன்பே, ஈரத்தின் மேல் ஈரமாக, ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் இட வேண்டியிருக்கும். முதல் பூச்சு இறுகிவிட்டால் வழி அடைபட்டுவிடும். இரண்டாவது பூச்சு உள்ளே போகாது. மரம் குடிக்கவில்லை என்றால் ஒரு பூச்சோடு நிறுத்திக்கொள்வதே சரி.

மெல்ல நடப்பதற்கு 24 முதல் 48 மணி நேரமும், தளவாடங்களை மீண்டும் வைப்பதற்கு மூன்று நாள்களும் காத்திருப்பது பாதுகாப்பானது. குளிரிலும் ஈரக்காற்றிலும் எண்ணெய் இறுகுவதற்குக் கூடுதல் நாள்கள் ஆகும். எண்ணெய் வாடை வீசிக்கொண்டிருக்கும்வரை இறுகல் முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

எண்ணெய்த் துணிகளைப் பற்றி

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. உலரும் எண்ணெய் ஆக்சிஜனை ஏற்கும்போது வெப்பம் வெளிப்படுகிறது. மரத்தில் மெல்லிதாகப் பரவியிருக்கும்போது அந்த வெப்பம் காற்றில் கலைந்துவிடும். எண்ணெய் ஊறிய துணிகளைக் கசக்கி ஒரு குவியலாகப் போட்டாலோ, வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே சேர்ந்து, தீக்குச்சியோ தீப்பொறியோ இல்லாமலேயே சில மணி நேரத்தில் துணி பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடிகள் கொண்ட ஒன் மெரிடியன் பிளாசா கட்டடத்தின் 22-ஆவது மாடியில் எழுந்த பெருந்தீக்கு, மரப்பலகைகளைப் புதுப்பித்தபோது விட்டுச் செல்லப்பட்ட ஆளிவிதை எண்ணெய்த் துணிகளே காரணம். தீயணைப்பு வீரர்கள் மூவர் அதில் உயிரிழந்தனர்.

ஆகவே வேலை முடிந்தவுடன், கை கழுவுவதற்கும் முன்பாக, ஒவ்வொரு துணியையும் விரித்து வெளியில் கொடியிலோ கற்றரையிலோ தனித்தனியாகக் காயப்போட வேண்டும். முழுதும் விறைத்த பிறகே அவற்றை அப்புறப்படுத்தலாம். அதற்கு இடமில்லை என்றால் மூடியுள்ள உலோக வாளியில் நீர் நிரப்பி, துணிகளை முழுவதும் அமிழ்த்தி மூடி, வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்தபோது வந்த எண்ணெய் கலந்த தூளுக்கும் இதே விதிதான். பிரஷைக் கழுவிய தின்னரைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல் ஒரு மூடிய போத்தலில் வைத்தால், சில நாள்களில் நிறமி அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை மீண்டும் பயன்படுத்தலாம். எஞ்சிய ஸ்டெய்னைச் சிறிய டப்பாவுக்கு மாற்றி, காற்று இடைவெளி குறைவாக இருக்கும்படி இறுக மூடி, அடுப்பு முதலிய வெப்பத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

மறுபூச்சு எப்போது

படுக்கைவாட்டில் வெயிலையும் மழையையும் நேராக வாங்கும் மரத்தளத்துக்கு ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள்ளும், நிலைகுத்தான சுவருக்கும் வேலிக்கும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள்ளும் மறுபூச்சு தேவைப்படுவது வழக்கம். ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட மரத்தைப் பார்ப்பதே மேல். ஆண்டுக்கு ஒரு முறை தூசி, சருகு, பாசி ஆகியவற்றைக் கழுவிவிட்டு, காய்ந்த மரத்தில் அதே நீர்த்துளிச் சோதனையைச் செய்ய வேண்டும். துளிகள் முத்தாக நின்றால் அந்த ஆண்டு பூச வேண்டியதில்லை. உறிஞ்சப்படத் தொடங்கினால், மரம் சாம்பல் நிறம் பெறுவதற்கு முன்பே, கழுவிக் காயவைத்து அதே ஸ்டெய்னால் மெல்லிய ஒரு பூச்சு இட்டுத் துடைத்தால் போதும். பெரும்பாலும் தெற்கு நோக்கிய முகமோ, கைப்பிடியின் மேற்பரப்போ, அடிக்கடி நடக்கும் வழியோ மட்டும் முதலில் வெளிறியிருக்கும். அங்கே மட்டும் பூசி, நிழலில் நன்றாக இருக்கும் பகுதிகளை அடுத்த ஆண்டுக்கு விட்டுவிடலாம். சாம்பல் நிறம் படர்ந்த பின் தொடங்கினால் கழுவுதல், அமிலம், உப்புத்தாள் என்ற எல்லாப் படிகளையும் மீண்டும் முதலிலிருந்தே செய்ய வேண்டியிருக்கும்.